கடைமடைக்கும் சத்தம் போகணும்

எங்க ஊர்ப் பொது மண்டபத்துக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்த சமயம். ஒயரிங் எல்லாம் பூச்சுக்கு முன்னாலேயே முடிச்சாகணும், அப்புறம் சுவரைக் கொத்தினால் மேஸ்திரி சண்டைக்கு வந்துடுவார். அப்போதான் கமிட்டிக் கூட்டத்தில் அந்தக் கேள்வி வந்தது: மண்டபத்துக்கு எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்குறது?

இளவட்டங்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஆயிரம் வாட்டுக்குக் குறைஞ்சு வாங்கினா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்." பெரியவர்களுக்கு அதில் இஷ்டமில்லை. "பந்திக்குக் கூப்பிட்டா காதுல விழணும், முகூர்த்தத்துக்கு முன்னாடி நாதஸ்வரம் மெதுவா ஓடணும். அதுக்கு எதுக்குடா ஆயிரம் வாட்டு?" என்றார் எங்க பெரியப்பா. கடைசியில், "நீதான் எதையாவது படிச்சுக்கிட்டு இருப்பியே, விசாரிச்சுட்டு வாப்பா" என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

விசாரிக்கப் போனவன் கடையோடு நிற்கவில்லை. நம்ம ஊரில் சத்தம் எப்படிப் பரவியது என்ற பழைய கதைக்குள்ளேயே போய்விட்டேன். அந்தக் கதை தெரிந்த பிறகுதான் எந்தப் பெட்டியை வாங்குவது என்று எனக்கே விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மின்சாரம் வருவதற்கு முன்னால் ஊருக்கு ஒரு சேதி சொல்ல தண்டோராதான். வரி கட்ட கடைசி நாள், ஏரி மதகு திறக்கிறது, கோயில் காப்புக் கட்டு, எதுவானாலும் பறையைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சொல்வார்கள். சொல்லும் வேலை காலனிப் பக்கத்து ஆட்களின் தலையில் சாதியின் பெயரால் கட்டிவைத்தது. சேதி யாருடையதோ, தொண்டை அவர்களுடையது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்க ஊரில் தண்டோரா போட்ட தாத்தா ஒருத்தர் இருந்தார். முச்சந்தி வந்ததும் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு சேதி. அந்தச் சின்ன நிறுத்தத்தில் தெருவே வாயை மூடிக்கொள்ளும். இன்றைக்கு மால்களிலும் ரயில் நிலையத்திலும் அறிவிப்புக்கு முன்னால் வருகிற 'டிங் டாங்' மணிக்கு வேலை அதேதான். ஆம்ப்ளிஃபையர் விற்பவர்கள் அதை 'சைம்' என்கிறார்கள்.

இந்த வழக்கம் மிகச் சமீபம் வரை நீடித்தது. 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். ஒலிபெருக்கி கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேலே ஆகியும் ஒரு மனுஷன் தொண்டையை நம்பித்தான் அரசாங்கச் சேதியே போய்க்கொண்டிருந்தது.

நூறு வருஷத்துக்கு மேலே என்று சும்மா சொல்லவில்லை. டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா போன பீட்டர் ஜென்சனும், எட்வின் பிரிதம் என்பவரும் கலிபோர்னியாவின் நாபா ஊரில் ஒரு கருவியை உருவாக்கினார்கள். காந்தத்துக்கு நடுவில் கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய தகடு, தகட்டுக்கு முன்னால் ஒரு புனல். 1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அதை வைத்தார்கள். ஏறக்குறைய 1 லட்சம் பேர் கூடிய கூட்டம் என்கிறார்கள். தங்கள் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் 'பெருங்குரல்' என்று அர்த்தம்.

நம் நாட்டில் அந்தப் பெருங்குரலை சுதந்திரப் போராட்டம் பிடித்துக்கொண்டது. காந்தி, நேரு பேசும் பழைய புகைப்படங்களைப் பாருங்கள். மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். பெயரில்தான் சிகாகோ, நடத்தியது மும்பையின் மோத்வானி குடும்பம். பிறகு 1940-ல் டெல்லியில் அஹூஜா தொடங்கியது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் எந்த சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலும் அந்தப் பெயர் போட்ட பெட்டி ஒன்றாவது தூசி படிந்து கிடக்கும்.

எங்க ஊருக்கு முதல் ஒலிபெருக்கி வந்தது அரசியலாலும் இல்லை, கல்யாணத்தாலும் இல்லை. பஞ்சாயத்து ரேடியோவால். ஒரு சின்ன ரூம், உள்ளே பூட்டிய வானொலிப் பெட்டி, மொட்டைமாடியில் புனல். சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் வந்து திருப்பிவிடுவார். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசிக்கும் செய்தி, திருச்சி நிலையத்தின் பாட்டு, அப்புறம் விவசாயிகளுக்கான பேச்சு. திருச்சி வானொலி 1939-லேயே தொடங்கியது. 1966-ல் வானொலியில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் வந்தன.

டெல்டாக்காரர்களுக்கு அந்தக் காலம் மறக்காது. ஜப்பான் ரகமான நோரின் 10-ஐயும் நம்ம ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்து ஆடுதுறையில் உருவாக்கிய ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் 1960-களின் நடுவில் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னதால் தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்க அப்பாவும் அந்த ரேடியோ ரூம் வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கேட்டவர்தான். ஒரு குரல் பொது இடத்தில் எல்லார் காதிலும் விழுந்தால் வயலே மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் 'எல்லார் காதிலும்' என்று எழுதும்போது எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. எங்க ஊர் ரேடியோ ரூம் புனலின் வாய் கோயில் தெருவைப் பார்த்து இருந்தது. காலனி அதற்கு முதுகுப் பக்கம். புனலின் குணமே அது பார்க்கிற திசையில்தான் சத்தத்தைத் தள்ளும். தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் சத்தம் 6 டெசிபல் குறையும். முதுகுப் பக்கம் இன்னும் மோசம். காற்று அடிக்கிற நாளில் காலனிக்குப் பாதி வார்த்தை போகும், அடிக்காத நாளில் அதுவும் இல்லை.

ஆற்றுப் பாசனம் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மதகு பக்கத்தில் இருக்கிறவன் வயலில் தண்ணீர் ததும்பும். கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே நிற்பான். தலைமடையில் இன்னும் அதிகமாகத் திறந்துவிட்டால் தலைமடை மூழ்கும், கடைமடைக்கு ஒன்றும் பெரிதாக வந்துவிடாது. ஒற்றைப் புனல் என்பது ஒற்றை மதகு.

ரேடியோ ரூம் மூடின பிறகு சவுண்ட் சர்வீஸ் காலம். எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் சைக்கிள் கேரியரில் ஆம்ப்ளிஃபையரும், தோளில் புனலுமாக வருவார். வால்வு ஆம்ப்ளிஃபையர். போட்டவுடன் பேசாது, உள்ளே சிவப்பாகக் கனன்று சூடேறின பிறகுதான் 'ஹலோ மைக் டெஸ்டிங்'. கல்யாண வீட்டுக்கு முதல் நாளே தென்னை மரத்தில் இரண்டு புனல் ஏறிவிடும். ஆடி மாசம் முழுக்க எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு. சத்தம் எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு தூரம் வீட்டுக்காரர் கௌரவம். எங்க ஊர் இளவட்டங்கள் கேட்ட ஆயிரம் வாட்டு அந்தக் கௌரவத்தின் மிச்சம்தான். அவர்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்த நான், அடுத்த வருஷமே எங்க அக்கா கல்யாணத்துக்கு "இன்னொரு குழாய் கட்டுங்கண்ணே" என்று நின்றவன்.

பிறகு சட்டம் வந்தது. 2000-ல் மத்திய அரசு ஒலி மாசு விதிகளை வெளியிட்டது. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதே வருஷம், சென்னையில் ஒரு குடியிருப்புச் சங்கத்துக்கும் ஒரு சபைக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த மதமும் அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் வழிபடணும் என்று சொல்லவில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. புனலுக்குப் பதில் பெட்டி ஸ்பீக்கர் வரத் தொடங்கியது.

இது ஒரு பக்கத்துக் கதை. இன்னொரு பக்கம், உரக்கக் கத்துவதற்காக இல்லாமல், மெதுவாக ஓடுவதற்காகவே ஒரு சங்கீதம் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்க ராணுவத்தில் தந்தி, தொலைபேசிப் பிரிவில் பெரிய அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர், கம்பி வழியாகவே வீடுகளுக்கும் கடைகளுக்கும் இசை அனுப்ப யோசித்தார். 1934-ல் அந்தக் கம்பெனிக்கு மியூசாக் என்று பெயர் வைத்தார். 'மியூசிக்'கையும், அப்போது பிரபலமாக இருந்த 'கோடாக்' கேமராப் பெயரையும் ஒட்டவைத்த பெயர். உணவகம், லிஃப்ட், தொழிற்சாலை எல்லாவற்றிலும் அது புகுந்தது. 1940-ல், போர்க் காலத்தில், பி.பி.சி. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென்றே 'வேலை செய்யும்போது இசை' என்ற பொருளில் பெயர் வைத்து தினமும் ஒரு நிகழ்ச்சி நடத்தியது.

இந்த இரண்டு கதையும் சேருகிற இடம்தான் மிக்சர் ஆம்ப்ளிஃபையர். மெதுவாகச் சங்கீதம் ஓடணும். யாராவது மைக்கில் பேசினால் சங்கீதம் தானே இறங்கி வழிவிடணும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஏறணும். இதற்கு 'பிரையாரிட்டி' என்று பெயர். நமக்கு இது புதுசா என்ன? கல்யாணத்தில் நாதஸ்வரம் ஒரு ராகத்தை மெதுவாக இழைத்துக்கொண்டிருக்கும். ஐயர் விரலை ஆட்டினதும் கெட்டிமேளம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வரும். தாலி ஏறினதும் பழையபடி. எதற்கு முதல் இடம் என்று தெரிந்த வித்வான் கூட்டத்தின் வேலையை இந்தப் பெட்டி செய்கிறது.

இனி வாட்டுக்கும் ஒயருக்கும் வருகிறேன். வாங்கப் போகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் தெரிந்த ஒரு மண்டபத்தில் சாதாரண 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பத்துப் பன்னிரண்டு என்று இஷ்டத்துக்கு ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணையாகக் கட்டிவிட்டார்கள். ஸ்பீக்கர் கூடக்கூட ஓம் குறையும், ஆம்ப்ளிஃபையர் தாங்க முடியாத கரண்ட் இழுக்கும். முதல் முகூர்த்தத்திலேயே புகை. தவிர, 10 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்க சுமார் 9 வோல்ட்டும் 1.1 ஆம்பியரும் வேணும். நீளமான ஒயரில் அந்தக் கரண்ட் போனால் பாதி வழியிலேயே சூடாகிச் செத்துப்போகும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில் இருக்கும் போர்செட் மோட்டார் லோ வோல்டேஜில் முனகுவதை நாம் தினமும் பார்க்கிறோமே, அதே நோய்.

மருந்தும் ஈ.பி.காரன் மருந்துதான். அவன் என்ன பண்றான்? தூரத்துக்கு வோல்டேஜை உயர்த்தி அனுப்புறான், வீட்டுப் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்குறான். மண்டப ஆம்ப்ளிஃபையரில் 100 வோல்ட் லைன் என்று ஒரு அவுட்புட் இருக்கும். முழுச் சத்தத்தில் அது 100 வோல்ட் வரை போகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கு உள்ளேயும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். அதே 10 வாட்டுக்கு இப்போது 0.1 ஆம்பியர் போதும். கரண்ட் 11-ல் ஒரு பங்கு ஆனால், அதே ஒயரில் வீணாவது 100-ல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மரில் 3 வாட், 6 வாட், 10 வாட் என்று தனித்தனி முனை இருக்கும். வேண்டியதில் கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு வயலுக்கும் அதனதன் மதகு மாதிரி. தலைமடை, கடைமடை என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் கணக்கு சுலபம். எல்லா ஸ்பீக்கர் முனையின் வாட்டையும் கூட்டணும், அதற்கு மேல் கால் பங்கு தாராளம் விடணும், அதற்கு அடுத்த அளவு பெட்டியை வாங்கணும். நான் நோட்டில் எழுதினது இது: மேடை ஹாலில் 8 ஸ்பீக்கர், தலா 10 வாட், 80. பந்தி ஹாலில் 8, தலா 6 வாட், 48. மணமகன், மணமகள் ரூம் உட்பட நாலு ரூமுக்கு தலா 3 வாட், 12. வாசல் போர்டிகோவில் 2, தலா 10 வாட், 20. மொத்தம் 160. கால் பங்கு சேர்த்தால் 200. அதற்கு அடுத்த அளவு 250 வாட்.

ஆயிரம் வாட்டு கேட்டவர்களுக்கும் பதில் சொன்னேன். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியணும்னா ஏறக்குறைய பத்து மடங்கு வாட்டு வேணும். நம்ம மண்டபமோ டைல்ஸ் தரை, காங்கிரீட் சுவர். மேடையில் இரண்டு பெரிய பெட்டி வைத்து அலறவிட்டால் சத்தம் சுவரில் மோதி ஒன்றோடொன்று கலந்து, கத்துவது கேட்கும், சொல்வது புரியாது. ஆளுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்பீக்கர், குறைஞ்ச சத்தம். அதுதான் வார்த்தை புரியும் வழி.

நோட்டோடு ஒரு நாள் மண்டபத்தைச் சுற்றி சாக்பீஸால் இடம் குறித்துக்கொண்டிருந்தேன். பின்கட்டில் சமையல்கூடம் கட்டி முடித்திருந்தது. அதையொட்டி பாத்திரம் கழுவும் தளம். அங்கே சிமெண்ட் தரைக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தவர், அந்தத் தண்டோரா தாத்தாவின் மகள். எனக்கு அக்கா முறை வயசு. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் பாத்திர வேலைக்கு அவர்தான் நாலு பேரைக் கூட்டி வருவார்.

"என்ன தம்பி, கோடு போட்டுக்கிட்டே போறீங்க?"

"ஸ்பீக்கர் வர்ற இடம்க்கா."

அவர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒண்ணும் காணோமே. பந்தி எழுந்திரிச்சுதா, அடுத்த பந்தி உக்காருதான்னு எங்களுக்கு யாரு சொல்றா? ஒவ்வொரு தடவையும் ஈரக் கையோட உள்ள ஓடிப் பாத்துட்டு வரணும். தாலி கட்டுறதும் தெரியறதில்ல, மேளம் கேட்டாத்தான் உண்டு."

எனக்கு உடனே பதில் வரவில்லை. ரேடியோ ரூம் புனல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்தவன் நான். என் கையில் இருந்த நோட்டிலும் அதே பக்கம்தான் விட்டுப்போயிருந்தது. யாரும் விடச் சொல்லவில்லை, தானாகவே விட்டுப்போயிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து சேர்த்தேன். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்கணும் என்பதால் பின்கட்டுக்கு ஒரு சின்னப் புனல், 10 வாட் முனையில். மொத்தம் 170. கால் பங்கு சேர்த்தால் 212. பெட்டி அதே 250 வாட்தான், மாறவே இல்லை. கூடுதல் செலவு ஒரு ஸ்பீக்கரும் கொஞ்சம் ஒயரும். அவ்வளவு சின்னதுதான், யாராவது ஒருத்தர் கேட்கிற வரைக்கும் நமக்குத் தோணவில்லை.

கமிட்டியில் ஒருத்தர், "கொல்லைப்புறத்துக்கு எதுக்குப்பா?" என்றார். "பந்தி தாமதமானா நீங்கதானே முதல்ல சத்தம் போடுவீங்க?" என்றார் பெரியப்பா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாங்கின பெட்டியில் நான் பார்த்துக்கொண்டவை இவை. 100 வோல்ட் அவுட்புட். ஐந்து ஜோனுக்குத் தனித்தனி பட்டன். ஒவ்வொரு மைக்குக்கும் தனி வால்யூம். முதல் மைக்குக்குப் பிரையாரிட்டி. டிங் டாங் சைம். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் வசதி. கிராமத்தில் இது இல்லாத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். ஒரு குறை உண்டு. இந்த வகைப் பெட்டியில் பட்டன் போட்ட எல்லா ஜோனுக்கும் ஒரே சத்தம்தான் போகும். பந்தியில் அறிவிப்பு, அதே நேரம் வாசலில் சங்கீதம் என்று தனித்தனியாக ஓட்ட முடியாது. அதற்கு வேறு வகை, விலையும் வேறு. நமக்கு அது தேவைப்படவில்லை. முகூர்த்த நேரத்தில் ஹால் பட்டனை அணைத்துவிடுகிறோம். அங்கே உயிருள்ள நாதஸ்வரம் இருக்கும்போது பெட்டிக்கு என்ன வேலை?

திறப்பு விழாவுக்கு அடுத்து நடந்த முதல் கல்யாணத்தில் நான் பின்கட்டில் நின்றேன். டிங் டாங் மணி, ஒரு சின்ன நிறுத்தம், "இரண்டாம் பந்தி உட்காரலாம்." அந்த நிறுத்தத்தில் எனக்குத் தாத்தாவின் மூன்று தட்டு ஞாபகம் வந்தது. அக்கா கையைத் துடைக்காமலேயே பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "அந்தத் தட்டுக் கூடைய முன்னாடி தள்ளுடி, ஆளு உக்காந்துட்டாங்க" என்றார். எழுந்து ஓடவில்லை.

உங்க ஊரிலும் மண்டபம், கோயில், பள்ளிக்கூடம் என்று எதற்காவது ஆம்ப்ளிஃபையர் வாங்குவதாக இருந்தால், எத்தனை வாட்டு என்று முதலில் கேட்காதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை போங்கள், பின்பக்கமும் சேர்த்து. யார் எங்கே வேலை செய்கிறார்களோ அவர்களைக் கேட்டு எழுதுங்கள். வாட்டு கணக்கு தானே வந்துவிடும்.